நீதிமொழிகளில் வரும் ‘மர்வத்தீம்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீதிமொழிகள் 7ஆம் அதிகாரமோ 31ஆம் அதிகாரமோ வேதபாடத்துக்கு வந்தால், ‘இரத்தினக் கம்பளம்’ என்ற இடத்தில் வகுப்பு நின்றுவிடுகிறது. பெண்கள் ஐக்கியத்திலும் வாலிபர் கூட்டத்திலும் கேட்டவை, அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்தவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. எபிரெயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எந்த வார்த்தை அது? எங்கெங்கே வருது?

‘மர்வத்தீம்’ என்பது அந்த எபிரெயச் சொல். பன்மை வடிவம். பழைய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே வசனங்களில்தான் இருக்கிறது. முதலாவது நீதிமொழிகள் 7:16. வாலிபனை வீட்டுக்குக் கூப்பிடும் அந்நிய பெண் சொல்வது: “என் மஞ்சத்தை இரத்தினக் கம்பளங்களாலும், எகிப்துதேசத்து விசித்திரமான மெல்லிய வஸ்திரங்களாலும் சிங்காரித்தேன்.” இரண்டாவது 31:22. குணசாலியான ஸ்திரீயைப் பற்றியது: “இரத்தினக் கம்பளங்களைத் தனக்கு உண்டுபண்ணுகிறாள், மெல்லிய புடவையும் இரத்தாம்பரமும் அவள் உடுப்பு.”

வழக்கத்திலுள்ள நம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டிருக்கிறது. இதற்காக அந்த மொழிபெயர்ப்பாளர்களைப் பாராட்ட வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும்.

சுத்தி வளைக்காம ஒரே வரியில அர்த்தம் சொல்லுங்க.

கட்டிலின்மேல் விரிக்கிற, நல்ல தரமான, கனத்த நெசவு விரிப்புகள்.

‘கனத்த’ என்பது என் ஊகம். ‘விரிப்பு’ என்பது ஊகம் இல்லை.

இரத்தினக் கம்பளம்னா இரத்தினக் கல் பதிச்சதா?

இல்லை. எபிரெயத்தில் கல்லும் இல்லை, மணியும் இல்லை. தமிழிலும்கூட ‘இரத்தின கம்பளம்’ என்பது பல நிறங்களில் நெய்த உயர்ந்த கம்பளத்துக்கு இருந்த பழைய பெயர்தான். இரத்தினத்தைப் போலப் பல வண்ணத்தில் பளிச்சென்று இருப்பதால் அப்படிச் சொன்னார்கள்.

இதை ‘இரத்தம்’ என்று படித்துவிட்டு, இயேசுவின் இரத்தத்தோடு இணைத்து யாரோ பேசியதைக் கேட்டு ஒருவர் என்னிடம் வந்தார். எழுத்து கொஞ்சம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். சொல்லுக்கும் இரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

கம்பளம் தரையில போடறதாச்சே? கட்டில்மேல எதுக்குப் போட்டாங்க?

பத்திரிகைகளில் ‘ரத்தினக் கம்பள வரவேற்பு’ என்று படித்துப் படித்து நமக்கு அப்படிப் பதிந்துவிட்டது. 7:16ல் விரிப்பு எதன்மேல் கிடக்கிறது என்று வசனமே சொல்கிறது: ‘என் மஞ்சத்தை’. எபிரெயத்தில் ‘எரெஸ்’, அதாவது கட்டில். பாசானின் ராஜாவாகிய ஓகின் இரும்புக் கட்டிலுக்கும் (உபாகமம் 3:11) இதே சொல்தான். தரைக்கு இங்கே வேலை இல்லை.

இன்றைய எபிரெயத்தைக் கற்றவர்களுக்கும் இதே குழப்பம் வரும். இப்போது ‘மர்வத்’ என்றால் தரைவிரிப்பு. கதைகளில் வரும் பறக்கும் கம்பளம்கூட ‘மர்வத்’தான். 1949-50இல் ஏமன் யூதர்களை இஸ்ரேலுக்கு விமானங்களில் கொண்டுவந்த நடவடிக்கைக்கு ‘மந்திரக் கம்பளம்’ என்று பட்டப்பெயர் உண்டு. எபிரெயத்தில் அதைச் சொல்லும்போதும் இந்தச் சொல்தான் வருகிறது. சொல் அதேதான், இந்த நெடுங்காலத்தில் கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கியிருக்கிறது. இன்றைய பொருளை எடுத்துக்கொண்டுபோய் நீதிமொழிகளில் வைக்கக் கூடாது.

இரண்டே இடத்துல வர்ற வார்த்தைக்கு அர்த்தம் எப்படி உறுதியா தெரியும்? குத்துமதிப்பா சொல்றதுதானே?

நியாயமான கேள்வி. ஒரே ஒருமுறை வரும் சொற்கள் பழைய ஏற்பாட்டில் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு உண்மையாகவே ஊகம்தான் மிச்சம். ஆனால் மர்வத்தீம் அந்த அளவுக்கு அநாதையான சொல் அல்ல.

முதல் சாட்சி பக்கத்திலேயே நிற்கிறது. 7:16 எபிரெயத்தில் ‘மர்வத்தீம் ராவத்தி’ என்று தொடங்குகிறது. தமிழில் ‘விரி’ என்ற வினையிலிருந்து ‘விரிப்பு’ வருகிற மாதிரி, ர-ப-த என்ற வேர் எழுத்துகளுக்கு முன்னால் ‘ம’ சேர்த்துப் பெயர்ச்சொல் ஆக்கியிருக்கிறார்கள் (வேரில் உள்ள ‘ப’ இந்தச் சொற்களில் ‘வ’ என்று ஒலிக்கிறது). எபிரெயத்தில் இது சர்வசாதாரணம். படுத்தலைக் குறிக்கும் ஷ-க-ப என்ற வேரிலிருந்து ‘மிஷ்காவ்’, அதாவது படுக்கை, வருவதும் இப்படித்தான். ஆக அவள் சொன்னது ‘விரிப்புகளை விரித்திருக்கிறேன்’. செயப்படுபொருள் கட்டில். இடம், செயல், பொருள் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

இரண்டாவது சாட்சி பிற்கால எபிரெயம். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் தேவாலயத்தின் தரையில் பாவியிருந்த கல் வரிசையை ‘ரோவெத்’ என்கிறார்கள். அதே வேர், பரப்பி, அடுக்கி வைத்தது என்ற எண்ணம். மூன்றாவது சாட்சி பழைய மொழிபெயர்ப்புகள். ஆனால் அவர்கள் முன்னுக்குப்பின் முரணாகச் சொல்லும் சாட்சிகள். அதைத் தனியாகப் பார்க்கலாம்.

யோசேப்பு கழுத்துல போட்ட பொன் சரப்பணியும் இதே வேர்தானாமே?

எழுத்துகள் அதேதான். ஆதியாகமம் 41:42இல் பார்வோன் யோசேப்புக்குப் போட்ட சங்கிலி ‘ராவீத்’. எசேக்கியேல் 16:11லும் அது கழுத்தணியாக வருகிறது. ஆனால் எழுத்து ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே வேர் என்று முடிவுகட்ட முடியாது. கட்டுதல் என்ற பொருளில் ஒரு வேர், விரித்தல் என்ற பொருளில் இன்னொரு வேர் என்று பிரிப்பவர்கள் உண்டு. கழுத்தின்மேல் பரப்பி அணிவதால் ஒன்றே என்பவர்களும் உண்டு. விரிப்பின் பொருளைத் தீர்மானிக்க இந்தச் சங்கிலி நமக்குத் தேவைப்படவில்லை. அதனால் நான் இதில் சண்டைக்குப் போவதில்லை.

பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல ‘கயிறு’ன்னு இருக்காம். அப்போ நம்ம பைபிள் தப்பா?

ஆம், அங்கே அப்படித்தான் இருக்கிறது. செப்துவஜிந்து என்ற கிரேக்க மொழிபெயர்ப்பில் 7:16: ‘கச்சைகளால் என் கட்டிலை இழுத்துக் கட்டினேன், எகிப்திலிருந்து வந்த இருபுறமும் மயிர்முகம் உள்ள கம்பளங்களை விரித்தேன்’ என்கிற மாதிரி போகிறது. முதல் பாதியில் உள்ள கிரேக்கச் சொல் ‘கேயிரியா’. கட்டில் சட்டத்தின் குறுக்கே இழுத்துப் பின்னும் நாடா அல்லது கயிறு. நம் ஊர் கயிற்றுக் கட்டிலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: குறுக்கும் நெடுக்கும் போட்டுப் பின்னி, தொய்ந்தால் கால்மாட்டில் இழுத்துக் கட்டுவார்களே, அதுதான். அந்தப் பின்னலின்மேல்தான் விரிப்பு வரும்.

லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமும் அதே வழியில் போனார்: ‘கயிறுகளால் என் கட்டிலைப் பின்னினேன், எகிப்திலிருந்து வந்த வண்ணக் கம்பளங்களை விரித்தேன்’. சாலொமோனின் மூன்று நூல்களையும் மூன்று நாள் உழைப்பில் மொழிபெயர்த்ததாக அவரே முன்னுரையில் சொல்கிறார். அவ்வளவு வேகத்தில் போகிறவர் ஒரு அரிய சொல்லைக் கண்டதும் கிரேக்கத்தைப் பார்த்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

ஆனால் 31:22க்கு வந்தால் கிரேக்கம் ‘தன் கணவனுக்கு இரட்டை மேலாடைகள் செய்தாள்’ என்கிறது. ஜெரோமோ ‘விரிப்புத் துணி’ என்ற பொருளில் போடுகிறார். அதே எபிரெயச் சொல்லுக்கு ஒரு இடத்தில் கயிறு, இன்னொரு இடத்தில் மேலாடை அல்லது விரிப்பு! கிரேக்க மொழிபெயர்ப்பாளருக்கு இந்தச் சொல் பழக்கமில்லை என்றே எனக்குப் படுகிறது. கட்டில் என்று வந்த இடத்தில் கட்டில் சம்பந்தப்பட்ட ஒன்றையும், உடை என்று வந்த இடத்தில் உடை ஒன்றையும் எழுதிவிட்டார். குணசாலி கயிறு திரித்தாள் என்றால் 31:22 ஓட்டமே கெட்டுவிடும். ஆகவே நம் மொழிபெயர்ப்பில் தவறு இல்லை.

சாமுவேல் சவுலோட மேல்வீட்டுல பேசினாரா, படுக்கை போட்டுக் கொடுத்தாரா? ரெண்டு பைபிள்ல ரெண்டு மாதிரி இருக்கு.

இதைக் கேட்டவர் இதற்கும் மர்வத்தீமுக்கும் தொடர்பு இருப்பதை அறிந்து கேட்கவில்லை. ஆனால் இருக்கிறது. இந்த வேரைப் பற்றிய கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1 சாமுவேல் 9:25இல் நம் பழைய மொழிபெயர்ப்பு, எபிரெயத்தை அப்படியே பின்பற்றி, சாமுவேல் சவுலுடனே மேல்வீட்டிலே பேசிக்கொண்டிருந்தான் என்கிறது. கிரேக்கமோ ‘மொட்டைமாடியில் சவுலுக்குப் படுக்கை விரித்தார்கள், அவன் தூங்கினான்’ என்கிறது. எபிரெயத்தில் ‘பேசினான்’ என்பதற்கான வேர் த-ப-ர. ‘விரி’ என்பதற்கு ர-ப-த. அதே மூன்று எழுத்து, முன்னும் பின்னும் இடம் மாறியிருக்கிறது. போதாததற்கு எபிரெய எழுத்தில் ‘த’ (ד) வும் ‘ர’ (ר) வும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மூலையில் ஒரு சிறு கொம்புதான் வித்தியாசம். பிரதி எடுப்பவருக்குக் கண் அசந்தால் போதும்.

கதை ஓட்டத்தைப் பாருங்கள். அடுத்த வசனத்தில் கிழக்கு வெளுக்கும் நேரம், சாமுவேல் மேல்வீட்டில் இருக்கும் சவுலைக் கூப்பிட்டு எழுந்திருக்கச் சொல்கிறார். இரவு அங்கே படுத்திருந்தால்தானே அது பொருந்தும்? பல இக்கால மொழிபெயர்ப்புகள் கிரேக்கத்தை ஏற்று ‘படுக்கை விரித்தார்கள்’ என்று போடுவதற்குக் காரணம் இதுதான். நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். அப்படியானால் ‘ராவத்தி’ என்ற வினைக்கு ஒரு தோழன் கிடைக்கிறான், இங்கேயும் படுக்கை விரிக்கும் வேலையாகவே.

ஆங்கில பைபிள்ல 7:16ல ‘செதுக்கு வேலை’ன்னு இருக்கே, கட்டில்ல சிற்பமா?

1611இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பில் அப்படி இருக்கிறது. அதே வசனத்தில் ‘ஹத்துவோத்’ என்று இன்னொரு அரிய சொல் வருகிறது. இது மொத்த வேதாகமத்திலும் இங்கே ஒருமுறைதான். ஹ-த-ப என்ற வேருக்கு எபிரெயத்தில் விறகு வெட்டுதல் என்று பொருள். வெட்டுதல், செதுக்குதல் என்று போய் அவர்கள் சிற்பவேலையில் நின்றுவிட்டார்கள்.

பக்கத்து மொழிகளான சீரியத்திலும் அரபியிலும் இதையொத்த வேருக்குப் பல நிறம் கலந்திருத்தல் என்ற பொருள் உண்டு. துணிக்கு அதுதான் பொருந்துகிறது: வண்ணக்கோடோ கட்டமோ போட்ட துணி. நம் மொழிபெயர்ப்பில் உள்ள ‘விசித்திரமான’ என்பதற்கு ‘வினோதமான’ என்று இன்றைய அர்த்தம் பண்ண வேண்டாம். பழைய தமிழ் நடையில் பல வண்ண வேலைப்பாடுள்ளது என்றே அதற்குப் பொருள். நல்ல தேர்வு.

எகிப்து துணிக்கு அப்படி என்ன பெருமை? உள்ளூர்ல கிடைக்காதா?

கிடைக்கும். ஆனால் எகிப்தின் சணல்நூல் துணி அந்தக் காலத்து இறக்குமதிச் சரக்கு. தீரு பட்டணத்துக் கப்பலின் பாய்க்கே எகிப்திலிருந்து வந்த சித்திரத்தையல் துணி போட்டார்கள் என்று எசேக்கியேல் 27:7 சொல்கிறது. 7:16இல் ‘எத்தூன்’ என்று வரும் சொல்லும் வேறெங்கும் வராதது. எகிப்திய மொழியிலிருந்து வந்த கடன்சொல் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். கிரேக்கத்தின் ‘ஒதோனே’ என்ற சொல்லையும் இதோடு சேர்ப்பார்கள். பேதுரு தரிசனத்தில் கண்ட, நாலு முனையும் கட்டிய ‘பெரிய துப்பட்டி’ (அப்போஸ்தலர் 10:11) அந்த ஒதோனேதான்.

எகிப்தியப் படுக்கை எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். 1906இல் தெய்ர் எல்-மெதினாவில் கா என்ற கட்டட அதிகாரிக்கும் அவர் மனைவி மெரித்துக்கும் உரிய கல்லறையைத் திறந்தார்கள். திருடர் கை படாத கல்லறை. மெரித்தின் கட்டில் துணிகள் விரித்து, தலையணைக்குப் பதிலான தலைதாங்கியும் வைத்து, படுக்கத் தயாராக இருந்தது. இப்போது அது இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீதிமொழிகளைவிட நூற்றாண்டுகள் பழையது, கி.மு. 14ஆம் நூற்றாண்டு. ஆனாலும் ‘எகிப்து விரிப்பு’ என்றதும் அந்த வாலிபனின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று ஊகிக்க அது உதவும்.

அந்தக் காலத்துல எல்லார் வீட்டுலயும் இப்படி விரிப்பு இருந்துச்சா?

இல்லவே இல்லை. ஏழைக்குப் பகலில் உடுத்தும் மேல்வஸ்திரமே இரவில் போர்வை. அதை அடகு வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு எதைப் போர்த்திப் படுப்பான் என்று யாத்திராகமம் 22:26-27 கேட்கிறது. இது வெறும் சட்டப் பேச்சு அல்ல. மெத்சாத் ஹஷாவ்யாஹு என்ற கடலோரக் கோட்டையில் 1960இல் ஒரு மண்பாண்டச் சில்லு கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்கு எழுதிய முறையீடு: நான் என் வேலையை முடித்துவிட்டேன், ஆனாலும் என் வஸ்திரத்தைப் பறித்துக்கொண்டார்கள், திருப்பித் தரச் சொல்லுங்கள்.

இன்னொரு முனையில், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நினிவேயிலிருந்து வந்த ஒரு கல் சிற்பம் இருக்கிறது. அசீரிய ராஜா அசூர்பானிபால் தோட்டத்தில் உயரமான மஞ்சத்தில் சாய்ந்திருக்கிறான், காலின்மேல் போர்வை கிடக்கிறது. மர்வத்தீம் அந்தக் கூலியாளின் உலகத்தைச் சேர்ந்ததல்ல, ராஜாவின் உலகத்துக்குக் கிட்டத்தில் உள்ளது.

கெட்ட பெண்ணுக்கும் குணசாலிக்கும் ஒரே வார்த்தையா? இது எப்படி சரியாகும்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காக. பழைய ஏற்பாட்டில் இரண்டே முறை வரும் ஒரு சொல், ஒரே நூலின் ஆரம்பத்தில் ஒரு பெண்ணிடமும் முடிவில் இன்னொரு பெண்ணிடமும் இருக்கிறது. நீதிமொழிகள் நூல் முழுக்க இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்திக்கொண்டே போகிறது. 9ஆம் அதிகாரத்தில் ஞானமும் ஒரு வீடு வைத்து அழைக்கிறாள், மதியற்ற ஸ்திரீயும் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழைக்கிறாள். அழைப்பு வார்த்தைகள்கூட ஒன்றே. அந்த வரிசையில்தான் இதையும் வைத்துப் பார்க்கிறேன். 31ஆம் அதிகாரம் எழுத்து வரிசைப்படி எழுதிய கவிதை. 22ஆம் வசனம் ‘மேம்’ என்ற எழுத்தில் தொடங்கியாக வேண்டும். அந்த எழுத்துக்காகவே கவிஞர் இதை எடுத்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும், மேமில் தொடங்கும் சொல்லுக்கு எபிரெயத்தில் பஞ்சமில்லை.

வித்தியாசம் விரிப்பில் இல்லை, வினையில் இருக்கிறது. முதலாமவள் ‘விரித்தேன்’ என்கிறாள். சரக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. விரித்ததே ஊருக்குப் போயிருக்கும் புருஷனுக்குத் தெரியாமல் இன்னொருவனைக் கூப்பிடத்தான். இரண்டாமவள் ‘உண்டுபண்ணுகிறாள்’. ஆட்டுமயிரும் சணலும் தேடுவது 13ஆம் வசனத்தில், கதிரைப் பிடிப்பது 19இல், நெய்ததை விற்பது 24இல்.

இதிலிருந்து ‘ஆடம்பர விரிப்பே பாவம்’ என்று பேசுகிறவர்களுக்கு 31:22 இடம் கொடுக்காது. நல்ல விரிப்பு, இரத்தாம்பரம், எல்லாம் அவள் வீட்டிலும் இருக்கிறது, வேதம் அதைப் புகழ்ந்துதான் சொல்கிறது. அதே சமயம், பக்கத்திலேயே 20ஆம் வசனத்தில் அவள் சிறுமையானவர்களுக்குக் கையைத் திறக்கிறாள். அதைத் தாண்டிக் குதித்து 22க்கு வரக் கூடாது.

31:22ல படுக்கைன்னே இல்லையே. ஒருவேளை அது உடையா இருக்கலாம்ல?

கவனமாகப் படித்திருக்கிறீர்கள். 31:22இல் கட்டில் இல்லை. வசனத்தின் பின்பாதி உடுப்பைப் பற்றியது. முந்தின வசனமும் வீட்டாரின் உடைதான். மேலே சொன்னபடி கிரேக்க மொழிபெயர்ப்பும் மேலாடை என்றே எடுத்தது. எனவே ‘உடுத்தும் கனத்த போர்வை’ என்று சொல்பவரை நான் மறுத்து அடிக்க மாட்டேன். ஒரே துணி உடையாகவும் போர்வையாகவும் இருந்த உலகம் அது என்பதைக் கூலியாள் கதையில் பார்த்தோம்.

ஆனாலும் 7:16இல் பொருள் தெளிவாக இருக்கும்போது, தெளிவில்லாத இடத்தை அதைக் கொண்டு விளக்குவதுதான் முறை. வீட்டாருக்கு உடை, தனக்கு விரிப்பு, பிறகு தன் உடை என்று வசனங்கள் நன்றாகவே ஓடுகின்றன.

‘மெல்லிய புடவை’ன்னா அவங்க சேலை கட்டினாங்களா?

கட்டவில்லை. பழைய தமிழில் புடவை என்றால் பொதுவாகத் துணி. எபிரெயத்தில் ‘ஷேஷ்’, உயர்ந்த சணல்நூல் துணி. பார்வோன் யோசேப்புக்கு உடுத்தியதும் அதுதான். இரத்தாம்பரம் கடல் சங்குப்பூச்சியிலிருந்து எடுத்த ஊதாச் சாயத் துணி. தெற்கு இஸ்ரேலின் திம்னா பள்ளத்தாக்கில் அந்தச் சாயம் ஏறிய ஆட்டுமயிர் நூல் கிடைத்ததை 2021இல் அறிவித்தார்கள். ஏறக்குறைய கி.மு. 1000, தாவீது-சாலொமோன் காலம் என்று சொல்லப்படும் காலம்.

7:16 படுக்கை உண்மையில பிணத்துக்கு விரிச்சதுன்னு ஒரு விளக்கம் கேட்டேன். சரியா?

முழுக்கத் தள்ளிவிட முடியாத விளக்கம். அடுத்த வசனத்தில் அவள் வெள்ளைப்போளம், சந்தனம், இலவங்கப்பட்டையால் படுக்கையை வாசனைகட்டுகிறாள். அங்கே ‘சந்தனம்’ என்று நாம் படிப்பது எபிரெயத்தில் ‘அஹாலீம்’. அகில் மரம். சொல்லே நம் ‘அகில்’ பக்கமிருந்து போனதாகக் கருதப்படுகிறது. இந்த அகிலும் வெள்ளைப்போளமும் யோவான் 19:39இல் இயேசுவின் அடக்கத்துக்கு நிக்கொதேமு கொண்டுவந்தவை; அங்கே தமிழில் ‘கரியபோளம்’ என்று மாறியிருப்பதால் நமக்கு ஒற்றுமை தெரிவதில்லை. கிரேக்கத்தில் கட்டிலுக்குச் சொன்ன ‘கேயிரியா’ புதிய ஏற்பாட்டில் ஒரே இடத்தில் வருகிறது: லாசருவின் கைகால்களைக் கட்டியிருந்த பிரேதச் சீலை (யோவான் 11:44). சாக்கடல் சுருள்களில் உள்ள ஒரு கவிதையும் இப்படிப்பட்ட ஒரு பெண்ணின் கட்டில்களைக் குழியின் படுக்கைகள் என்கிறது.

ஆனால் இதே வாசனைகள் சங்கீதம் 45:8இல் ராஜாவின் கல்யாண வஸ்திரத்தில் இருக்கின்றன. அந்த வாலிபன் கேட்டது கல்யாண வாசனை. அவள் வீடு பாதாளத்துக்குப் போகும் வழி என்று 27ஆம் வசனம் சொன்ன பிறகு திரும்பிப் படிக்கும் நமக்குத்தான் மற்ற வாசனையும் அடிக்கிறது. சொல்லின் பொருள் ‘பிணவிரிப்பு’ என்று அகராதியில் எழுதினால் தப்பு. கவிஞர் உள்ளே வைத்த கசப்பு என்று சொன்னால் சரி.

யாகேல் சிசெராவை மூடின சமுக்காளமும் இதானா?

வேறு சொல். நியாயாதிபதிகள் 4:18இல் இருப்பது ‘ஸ்மீகா’, அதுவும் ஒரே ஒருமுறை வருவது. கிரேக்கப் பிரதிகளில் ஒன்று ‘தோல்’ என்கிறது, இன்னொன்று ‘மேல்மூடி’ என்கிறது. இன்றைய எபிரெயத்தில் சாதாரணப் போர்வைக்கு இதுவே பெயர். மீகாள் தாவீதின் கட்டிலில் சுரூபத்தின் தலைமாட்டில் வைத்த வெள்ளாட்டுமயிர்ப் பொருள் (1 சாமுவேல் 19:13) ‘கெவீர்’, அதுவும் அந்தக் கதையில் மட்டும். படுக்கைச் சாமான்கள் எல்லாமே ஏன் இப்படி அரிதாக வருகின்றன என்று கேட்டால், யுத்தமும் ராஜாக்களும் நிறைந்த நூலில் வீட்டுப் பண்டங்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

வேர்ச்சொல் ‘அடுக்கு’ன்னா, ‘தேவன் அடுக்கடுக்கா ஆசீர்வதிப்பார்’னு பிரசங்கிக்கலாமா?

வேண்டாமே. வேர் என்பது சொல் பிறந்த இடம். பேசுகிறவர் ஒவ்வொரு முறையும் அதை நினைத்துப் பேசுவதில்லை. ‘விரிப்பு’ வாங்கக் கடைக்குப் போகிறவர் விரிவாக்கத்தைப் பற்றி யோசிப்பதில்லை. அதோடு, அடுக்கு என்பது பிற்கால ‘ரோவெத்’திலிருந்து நாம் எடுத்தது. அதை நீதிமொழிகளுக்குள் திணித்தால், தரைவிரிப்பைத் திணிக்காதீர்கள் என்று மேலே சொன்னேனே, அதே தவறு. அதே பிரசங்கத்தில் 7:16உம் வந்தால் அந்த அடுக்கடுக்கான ஆசீர்வாதம் யாருக்கு என்று கேட்பார்கள்.

கல்யாணப் பரிசா பெட் ஸ்பிரெட் கொடுக்கறோம். ஓரத்துல இந்த வசனத்தை எம்ப்ராய்டரி பண்ணலாமா?

தாராளமாக. 31:22இன் முதல் பாதி போதும். வசனத்தைத் தமிழில் முழுதாகப் போடுங்கள். எண்ணை மட்டும் போடுவதாக இருந்தால் தைக்கக் கொடுக்கும் முன் இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 7:16 என்று விழுந்துவிட்டால், சம்பந்தி வீட்டில் வேதாகமத்தைத் திறந்து பார்க்கும் ஒரு பெரியம்மா கட்டாயம் இருப்பார்.